பேனா யார் கையில்?

ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, முக்கால் மணி நேரம். கல்லூரிகளில் 'எழுத்து மையம்' என்று சொல்லப்படும் இடத்துக்கு இதற்கு மேல் பெரிய வசதி தேவையில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1930களிலேயே முளைத்த ஏற்பாடு இது. இந்தியாவில் சோனிபட்டின் அசோகா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் காலூன்றியிருக்கிறது. இங்கே பாடம் நடத்துவதில்லை. மாணவர் தன் கட்டுரையோடு வருவார். பயிற்சி பெற்ற ஒருவர், பல இடங்களில் மூத்த மாணவர், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். புதிதாகச் சேரும் பயிற்றுநர்களுக்கு முதல் பாடம், மூலையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் கவனிப்பது.

ஹைதராபாத்தில் அப்படி ஒரு மூலை கிடைத்தால் என்ன தெரியும்? ஊகிப்பது கஷ்டமல்ல. மேதக்கிலோ நல்கொண்டாவிலோ தெலுங்கு வழியில் படித்துவிட்டு முதுகலைக்கு வந்திருக்கும் மாணவர். கிராமத்து ஏரிப் பாசனம் பற்றிய ஆய்வேட்டில் எட்டுப் பக்கம் கையில். உட்கார்ந்ததும் அவர் சொல்லக்கூடியது இதுதான்: "கிராமரை மட்டும் பார்த்துக் குடுங்கக்கா." தெலுங்கிலும் அக்கா, அக்காதான்.

அக்கா பேனாவைத் தொடுவதில்லை. இந்த வேலையின் முதல் விதி அது. திருத்திக் கொடுத்தால் கட்டுரை தேறிவிடும். எழுதியவர் வந்தபடியே திரும்பிப் போவார். அதனால், "சத்தமா படிங்க" என்கிறார். படிக்கிறார். நாக்கு இடறும் இடங்களில் தானே நிறுத்தித் திருத்திக்கொள்கிறார். பல தவறுகள் அப்படியே உதிர்ந்துவிடுகின்றன.

மூன்றாம் பக்கத்தில் திடீரென்று நாக்கு இடறுவது நிற்கிறது. வாக்கியங்கள் வழவழவென்று ஓடுகின்றன. அனுபவமுள்ள பயிற்றுநர் நிமிர்ந்து உட்காரும் இடம் அது. அந்த வாக்கியங்கள் வேறு யாருடையவோ.

விஷயம் இங்கே இலக்கணத்தைத் தாண்டிவிடுகிறது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குச் சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. சதவீதத்தைக் கணக்கிட மென்பொருள் இருக்கிறது. ஏன் நகலெடுத்தார் என்று கேட்க அதற்குத் தெரியாது. சோம்பல், ஏமாற்று எல்லாம் உண்டுதான். ஆனால் தன் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயத்தில் அடுத்தவர் வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு.

அக்கா குற்றம் சாட்டுவதில்லை. "இந்தப் பத்தி என்ன சொல்லுது? தெலுங்கிலேயே சொல்லுங்க." மாணவர் தயங்கிவிட்டுத் தொடங்குகிறார். ஏரி நிரம்பினால் யார் வயலுக்கு முதல் தண்ணீர், யார் கடைசி, கடைசி வயல்கள் எந்தச் சாதிக்காரர்களுடையவை என்று பத்து நிமிடம் நிற்காமல் பேசுகிறார். எட்டுப் பக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. "இதை ஏன் எழுதலை?" என்று கேட்டால் பதில் கேள்வியாக வருகிறது: "இதையெல்லாம் எழுதலாமாக்கா?"

ஹைதராபாத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம், மேற்படிப்பை இந்திய மொழியில் சொல்லித்தரத் துணிந்தது. பாடநூல்களுக்காகத் தனியாக மொழிபெயர்ப்பு நிலையமே வைத்தார்கள். மருத்துவம்கூட உருதுவில் நடந்தது. ஆனால் நிஜாம் சமஸ்தானத்தில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது தெலுங்கு, மராத்தி, கன்னடம். 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்த பிறகு பாடமொழியாக ஆங்கிலம் வந்தது. 1958இல், ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர மத்திய ஆங்கில நிறுவனம் இதே நகரில் உருவானது. உஸ்மானியாவை ஒட்டித் தார்நாகாவில் இருக்கும் அது, இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். ஆட்சி மாறியது, பாடமொழி மாறியது. கிராமத்திலிருந்து வந்த மாணவரின் வீட்டு மொழி மட்டும் இரண்டு காலத்திலும் வகுப்பு வாசலில் செருப்போடு சேர்ந்து நின்றது.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 60 பேர் வகுப்பில் ஆளுக்கு முக்கால் மணி நேரம் என்றால் 45 மணி நேரம். முடிகிற காரியமா? அதனால்தான் சிவப்பு மை. 2022 இறுதியில் வந்த சாட்ஜிபிடி இப்போது அந்த வேலையையும் நொடியில் செய்துவிடுகிறது. ஆனால் மாணவர் சொல்லாமல் விட்ட ஏரியை அது எப்படி அறியும்? எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் அது வெளியே வரும்.

நேரம் முடிகிறது. எட்டுப் பக்கத்தில் இரண்டு அடிக்கப்பட்டிருக்கின்றன. பின்பக்கத்தில் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து புதிதாகப் பத்து வரி. அடித்ததும் எழுதியதும் மாணவரின் பேனா. கிராமரைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை.