பழைய காருக்குப் பெரிய என்ஜின்! வேகம் வரும், பாதுகாப்பு வருமா?

சின்னசேலத்துக்கு மேற்கே சேலம், கிழக்கே உளுந்தூர்பேட்டை. இரண்டையும் இணைக்கும் அகலமான நெடுஞ்சாலை. வடக்கே நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை. சமதளத்தில் வேகமாகப் போகவும் வேண்டும். மலையில் மூச்சு வாங்காமல் ஏறவும் வேண்டும். இந்தப் பக்கத்தில் பழைய அம்பாசிடர் கார் வைத்திருப்பவருக்கு ஓர் ஆசை வருவது இயற்கைதான். "இருக்கிற என்ஜினை இறக்கிவிட்டு, பெரிய என்ஜினாக மாட்டிவிட்டால் என்ன?" என்பதே அந்த ஆசை.

மாட்டலாமா? மாட்டினால் என்ன நடக்கும்? சட்டம் என்ன சொல்கிறது? பார்ப்போம்.

கம்பெனியே செய்த மாற்றம்

என்ஜின் மாற்றுவது புதிய யோசனை அல்ல. காரைச் செய்த கம்பெனியே அதைச் செய்திருக்கிறது.

கல்கத்தாவுக்கு அருகில் உள்ள உத்தரபாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1957-ம் ஆண்டு முதல் 2014-ம் ஆண்டு வரை அம்பாசிடர் கார்களைத் தயாரித்தது. அதில் நெடுங்காலம் இருந்தது 1,489 சி.சி. என்ஜின்.

சி.சி. என்பது என்ன? என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் இடத்தின் கொள்ளளவு. ஆயிரம் சி.சி. என்றால் ஒரு லிட்டர். கொள்ளளவு பெரிதானால் ஒரே மூச்சில் அதிகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். அதிக சக்தி பிறக்கும்.

அதே கம்பெனி 1984-ல் 'கான்டசா' என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. உடம்பு பெரிது. ஆனால் உள்ளே இருந்ததோ அம்பாசிடரின் அதே 1,489 சி.சி. என்ஜின்! யானையின் உடம்புக்குக் குதிரையின் கால் போல ஆயிற்று. பார்க்க அழகாக இருந்தது, இழுவை போதவில்லை. பிறகு ஜப்பானைச் சேர்ந்த இசுசு கம்பெனியின் 1,817 சி.சி. என்ஜினைப் பொருத்தினார்கள். அதன் பிறகுதான் கான்டசாவுக்கு மதிப்பு உயர்ந்தது. 1990-களில் அம்பாசிடருக்கும் அந்த இசுசு என்ஜின் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி என்ஜினை மட்டும் மாற்றவில்லை. நாலு கியருக்குப் பதிலாக ஐந்து கியர் உள்ள கியர் பாக்சும் கூடவே வந்தது. புது மாப்பிள்ளை தனியாக வருவதில்லை, உறவுகளோடுதான் வருவார்!

சென்னையில் நடந்தது

கொள்ளளவு மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. பிரிட்டனின் 'ரோவர்' கார் ஒன்றைத் தழுவி, சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை வெளியிட்டது. அதில் இருந்தது ஏறக்குறைய இரண்டு லிட்டர் என்ஜின். அம்பாசிடரைவிடப் பெரியதுதான். ஆனாலும் அது பல ஆண்டுகளுக்கு முந்திய பழைய அமைப்பு. புது உடம்பும் பழைய என்ஜினும் ஒத்துப்போகவில்லை. சில ஆண்டுகளிலேயே அந்தக் காரின் உற்பத்தி நின்றுபோயிற்று.

ஏறுவது என்ஜின், இறக்குவது பிரேக்!

பெரிய என்ஜின் மாட்டினால் என்னென்ன பாதிக்கப்படும்? என்ஜினின் எடை கூடினால் முன்பக்க ஸ்பிரிங் அமுங்கும், ஸ்டீயரிங் கனக்கும். பழைய ரேடியேட்டரால் புதிய சூட்டைத் தணிக்க முடியாமல் போகலாம். கிளட்ச், கியர் பாக்ஸ், பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் எல்லாம் பழைய சக்திக்கு அளவெடுத்துச் செய்தவை. கூடுதல் சக்தியைத் தாங்காமல் அவை தேயும்; உடையும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிறகு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் இரண்டு மடங்கு. ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு! பழைய கார்களில் உள்ள டிரம் பிரேக், அடிக்கடி மிதித்தால் சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

வெள்ளிமலைக்குப் போனவர் கச்சிராயப்பாளையத்துக்கு இறங்கி வர வேண்டும் அல்லவா? மேலே ஏறும்போது பெரிய என்ஜின் உதவும். இறங்கும்போது வளைவுக்கு வளைவு உயிரைக் காப்பது பிரேக்கும், சின்ன கியரில் நிதானமாக இறங்கும் டிரைவரின் பொறுமையும்தான். காரில் இருப்பது மனைவி மக்கள் என்பதை மறக்கக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கியாஸ், பேட்டரி போன்றவற்றுக்கு மாற, அங்கீகரிக்கப்பட்ட கருவிகளைக் கொண்டு, சட்டம் வழிவிடுகிறது.

ஆர்.சி. புத்தகத்தில் ஓர் என்ஜின் எண். வண்டியில் வேறு எண். விபத்து நடந்தால் இன்சூரன்சு பணத்துக்கும் வில்லங்கம் வரலாம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனியாகப் பதிவு செய்ய, மத்திய அரசு 2021 ஜூலையில் விதிகளை வெளியிட்டது. முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அப்படிப் பதிவு செய்த காரைத் தினசரி ஓட்ட முடியாது; கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் வண்டி அசல் உருவிலேயே இருக்க வேண்டும். சேஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி கிடையாது. தாத்தா வாங்கிய காருக்குப் பேரன் பெரிய என்ஜின் மாட்டினால், அந்தப் பெருமையைத் தன் கையாலேயே அழித்தவன் ஆவான்.

என்ன செய்யலாம்?

இழுவை குறைந்துவிட்டதா? பெரும்பாலும் குறை என்ஜினின் அளவில் இல்லை. அதன் தேய்மானத்தில் இருக்கிறது. நல்ல மெக்கானிக்கிடம் காட்டி, பிஸ்டன் ரிங், வால்வு, கார்ப்பரேட்டர் ஆகியவற்றைச் சரிபார்த்தால் பழைய சக்தி திரும்பும். மிச்சமாகும் பணத்தில் பிரேக்கையும் டயரையும் புதுப்பிக்கலாம்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். அது காருக்கும் பொருந்தும். அரை மணி முன்னால் போய்ச் சேருவதைவிட, எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேருவதே பெரிது.