நானாவதி வழக்கில் நாம் படிக்காத பக்கங்கள்

நானாவதி வழக்கைப் பற்றி ஜூனியர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ‘ருஸ்தம்’ படத்தைச் சொல்வார்கள். படத்தில் கதாநாயகன் விடுதலையாவதால், நானாவதியும் அப்படியே வெளியே வந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்: ‘பிளிட்ஸ்’ பத்திரிகை ஜூரியைக் கெடுத்தது, ஜூரி தீர்ப்பைக் கெடுத்தது, அதனால் இந்தியாவில் ஜூரி முறையே ஒழிந்தது. சீனியர்கள் மேடையில் சொல்வதும் இதைத்தான். ஏ.ஐ.ஆர். 1962 எஸ்.சி. 605-இல் தீர்ப்பு முழுதாக இருக்கிறது. அதைத் திறந்தால் இந்தக் கதை நிற்காது.

சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில், கடற்படை கமாண்டர் கே.எம். நானாவதியிடம் அவர் மனைவி சில்வியா, பிரேம் அகுஜாவுடன் தமக்கிருந்த உறவை ஒப்புக்கொண்டார். மனைவியையும் குழந்தைகளையும் சினிமாக் கொட்டகையில் விட்டுவிட்டு நானாவதி கப்பலுக்குப் போனார். அகமத்நகருக்கு இரவில் தனியாகக் கார் ஓட்டிப் போவதாகச் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கினார். அகுஜாவின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஆள் இல்லை என்றதும் மலபார் ஹில் வீட்டுக்குப் போனார். குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்ற அகுஜா குண்டடிபட்டுச் செத்தார். நானாவதி போலீசில் சரணடைந்தார்.

விசாரணையில் எதிர்த்தரப்பு சொன்னது இது: இருவரும் கட்டிப் புரண்டபோது துப்பாக்கி தானாக வெடித்தது. அரசுத் தரப்பு அந்தத் துண்டைக் காட்டியது. அவ்வளவு மல்லுக்கட்டிய பிறகும் அது இடுப்பைவிட்டு அவிழவில்லையே? ஒன்பது பேர் கொண்ட ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமில்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி ஆர்.பி. மேத்தா, அறிவுள்ள எவரும் இந்தச் சாட்சியத்தில் இப்படியொரு முடிவுக்கு வர முடியாது என்று கருதி, 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307-ஆவது பிரிவின்கீழ் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

நாம் தாண்டிப் போகும் பக்கங்கள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. உயர் நீதிமன்றம் முதலில் பரிசீலித்தது பத்திரிகையை அன்று. மேத்தா ஜூரிக்குச் சொன்ன அறிவுரையை. அதில் பிழைக்குமேல் பிழை. விபத்து என்பது இ.பி.கோ. 80-இன்கீழ் ஒரு பொது விதிவிலக்கு. சாட்சியச் சட்டம் 105-இன்படி அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியைச் சேர்ந்தது. இதை அவர் ஜூரிக்குச் சொல்லவில்லை. 80-ஆவது பிரிவுக்கு என்னென்ன கூறுகள் வேண்டும் என்று பிரித்துக் காட்டவில்லை. சூழ்நிலைச் சாட்சியம் பற்றிச் சொன்னதிலும், சில்வியா அகுஜாவுக்கு எழுதிய கடிதங்களைக் கையாண்ட விதத்திலும் குறை இருந்தது. 1961 நவம்பர் 24-இல் நீதிபதி கே. சுப்பா ராவ் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இவை ஜூரியின் முடிவையே பாதிக்கும் அளவுக்குத் தவறான வழிகாட்டல்கள் என்பதை ஏற்றது.

அப்படியானால் ஜூரியின் முடிவு தப்பு என்று மேலே அனுப்பியவரும், அந்த ஜூரியைத் தப்பாக வழிநடத்தியவரும் ஒரே நீதிபதி. சட்டம் படிக்காத ஒன்பது பேரை உட்காரவைத்து, யார் எதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதையே சொல்லாமல் அனுப்பிவிட்டு, பழியை மட்டும் அவர்கள் தலையில் அறுபது ஆண்டுகளுக்குமேல் சுமத்தி வருகிறோம். (நம் தொழிலில் இது புதிதன்று. வழக்குத் தோற்றால் சாட்சி பல்டியடித்தான் என்போம். முதல் விசாரணையில் நாம் கேட்காமல் விட்ட கேள்வியைச் சொல்ல மாட்டோம்.)

ஜூரி முறை இந்த வழக்கால் ஒழிந்தது என்பதும் பாதிக்கு மேல் கட்டுக்கதை. அதை எடுத்துவிடலாம் என்று சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை 1958-லேயே பரிந்துரைத்துவிட்டது. அப்போது அகுஜா உயிரோடு இருந்தார். நானாவதிக்குப் பிறகும் நாட்டில் சில இடங்களில் ஜூரி விசாரணை தொடர்ந்தது. முற்றாக நின்றது 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம் வந்தபோதுதான்.

‘பிளிட்ஸ்’ குற்றமற்றது என்று இந்த இதழ் வாதாடவில்லை. அதன் ஆசிரியர் ஆர்.கே. கரஞ்சியா வாரந்தோறும் செய்தது செய்தி சேகரிப்பு என்பதைவிட வக்காலத்து என்பதே பொருந்தும். வஞ்சிக்கப்பட்ட வீரர் ஒருபுறம், பணக்கார மைனர் மறுபுறம் என்று வேடங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். செத்தவனுக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. 25 காசு இதழ் இரண்டு ரூபாய்க்குக் கைமாறியதாகவும், தெருவில் அகுஜா துண்டும் நானாவதி ரிவால்வர் பொம்மையும் விற்றதாகவும் சொல்வார்கள். இதெல்லாம் அந்த எட்டுப் பேரின் மனத்தில் எவ்வளவு வேலை செய்தது என்பதை அளக்கக் கருவி கிடையாது. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே அந்தப் பிரசாரத்தின் கை ஓங்கியிருந்தது கண்கூடு. 1960 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்ததுமே, ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அதை நிறுத்திவைத்து, நானாவதி கடற்படைக் காவலிலேயே இருக்க ஆணையிட்டார். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போது உறுப்பு 161-இன்கீழ் அப்படிச் செய்ய முடியாது என்று அரசியல் சாசன அமர்வு நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. 1964-இல் அப்போதைய ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பே வழங்கிவிட்டார். பத்திரிகை ஜெயித்த இடம் ராஜ்பவன்; தீர்ப்பில் அதற்கு ஒரு வரிகூட விட்டுக்கொடுக்கப்படவில்லை.

தொழில் செய்கிறவர்களுக்கு இந்த வழக்கின் சாரம் இ.பி.கோ. 300, விதிவிலக்கு 1-இல் இருக்கிறது. கடுமையான, திடீர்க் கோபமூட்டலை, எதிரியைப் போன்ற சமூக நிலையில் உள்ள சராசரி மனிதரை வைத்து அளக்க வேண்டும். சொல்லும் சைகையும்கூடச் சில வேளை கோபமூட்டலாகலாம். முன்பு நடந்தவை உருவாக்கிய மனநிலையையும் கணக்கில் எடுக்கலாம். ஆனால் அடி விழுந்தது அந்த வேகம் தணியுமுன் என்று காட்ட வேண்டும். நானாவதி வீட்டைவிட்டுக் கிளம்பியது பகல் 1.30, கொலை நடந்தது மாலை 4.20. நடுவில் சினிமா டிக்கெட், கப்பல், பொய்க் காரணம், தோட்டா. கோபமூட்டல் வாதம் அங்கேயே விழுந்தது.

2024 ஜூலை முதல் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பாரதிய நியாய சன்ஹிதாவில் விபத்து 18, கொலையும் அதன் விதிவிலக்குகளும் 101. சாட்சிய அதினியத்தில் மெய்ப்பிக்கும் பொறுப்பு 108. ஜூரி போனாலும் அறிவுரை போகவில்லை. அதை இப்போது நீதிபதி தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். ஆகவே செஷன்ஸ் தீர்ப்பின் நகல் கைக்கு வந்ததும் முதலில் தேடவேண்டியது, 108-ஐ நீதிபதி எந்தப் பத்தியில், எந்தத் தரப்பின்மேல் வைத்திருக்கிறார் என்பதை. அது சரியாக இல்லையென்றால் மேல்முறையீட்டின் முதல் காரணமாக அதையே எழுதுங்கள். தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றிய புலம்பலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 1961 தீர்ப்பில் தவறான வழிகாட்டல் பற்றி வரும் பகுதியின் சுருக்கத்தை அடுத்த இதழில் தமிழில் தருகிறோம்.