அந்த 18 நிமிடங்கள்



'மெய்யழகன்' 2024 செப்டம்பரில் திரைக்கு வந்த சில நாட்களிலேயே அதிலிருந்து 18 நிமிடங்களைக் கத்தரித்தார்கள். படம் நீளம், பேச்சு ஜாஸ்தி, இரண்டாம் பாதி நகரவே மாட்டேன் என்கிறது என்று கிளம்பிய பேச்சுதான் காரணம். இதே இயக்குநர் பிரேம்குமார் 2018-இல் எடுத்த '96' படத்திலும் இரண்டு பேர் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே பேசியவர்கள் பழைய காதலர்கள். விடிய விடியக் கேட்டோம். இங்கே பேசுகிறவர்கள் மாமன் மச்சான் முறைக்காரர்கள். அதற்குள் மணி பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

இந்த 18 நிமிடம் பற்றி எங்கள் அலுவலகத்தில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்னும் இருபது நிமிஷம் வெட்டியிருக்கணும் சார்" என்பது உதவி ஆசிரியர் கட்சி. உங்களில் எழுதுகிறவர்கள் இருந்தால் கவனிக்கவும்: நீங்கள் ஆறு பக்கத்துக்கு அனுப்புகிற கட்டுரையை இரண்டு பக்கமாக்குகிற கை அவருடையதுதான். நான் எதிர்க்கட்சி. முழுப் படத்தையும் பார்த்தேன், வெட்டியதையும் பார்த்தேன். இரண்டாவதைப் பார்த்த பிறகு என் கட்சி இன்னும் பலப்பட்டுவிட்டது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தஞ்சாவூரில் பூர்வீக வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்துப் பிள்ளை அரவிந்த் சுவாமி. இருபது சொச்சம் வருஷம் கழித்து, தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். மண்டபத்தில் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார் கார்த்தி. யாரென்று பிடிபடவில்லை. பெயர் ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு அந்த ஆளின் வீட்டிலேயே ராத்தங்க வேண்டியதாகிறது.

நம் ஊர்க் கல்யாணங்களில் இந்தச் சங்கடத்துக்குத் தப்பியவர் யார்? "என்னைத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கையை விடாத உறவினர் ஒருவராவது ஒவ்வொரு மண்டபத்திலும் இருப்பார். நாமும் சிரித்துச் சமாளிப்போம். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று பொத்தாம்பொதுவாக ஒரு கேள்வியை வீசிப் பார்ப்போம், அவர் பதிலில் ஏதாவது பெயர் வந்து விழாதா என்று. இந்தச் சின்ன அவஸ்தையை வைத்துக்கொண்டு பிரேம்குமார் ஒரு முழுப் படத்தையே கட்டியிருக்கிறார். அரவிந்த் சுவாமியின் முகத்தில் அந்தச் சமாளிப்பு வெகுநேரம் ஓடுகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அது வெட்கமாகிறது. அப்படி ஆவதற்கு நேரம் பிடிக்கும். ஊரைவிட்டுப் போகும்போது இவர்கள் போட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் தன் குடும்பத்தை எப்படித் தூக்கிவிட்டது என்று கார்த்தி சொல்கிறாரே, அந்த இடம் அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவுப் பேச்சில் சோழர் பெருமையும் ஜல்லிக்கட்டும் வருகிற பகுதி நீளம்தான். நானும் கொஞ்சம் நெளியத்தான் செய்தேன். ஆனால் அந்த மனுஷன் அப்படிப்பட்டவர். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த அத்தானை எதிரே உட்காரவைத்து, பீரையும் திறந்துவைத்துக்கொண்டு, ஊர்ப் பெருமை பேசாமல் வேறு என்ன பேசுவார்? அதை எடுத்த பிறகு அவர் ஒரு சுற்று இளைத்துத்தான் தெரிகிறார்.

என் அண்ணன் மகனோ இதையெல்லாம் தாண்டிப் போய்விட்டான். வீட்டில் எந்தப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓடவிடுகிறான். வசனம் புரிகிறதாம், நேரமும் மிச்சமாம். மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன செய்வாய் என்றேன். "இன்னொரு படம் பார்ப்பேன் சித்தப்பா" என்றான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "நீங்க மட்டும் நாவல்ல நிலா, தென்றல் எல்லாம் வந்தா அஞ்சு பக்கம் சேர்த்துப் புரட்டுறதில்லையா?" என்று ஒரு போடு போட்டான். வாயை மூடிக்கொண்டேன்.

அப்படிப் புரட்ட முடியாத ஒரு நாவலை இந்த மாதம் படித்தேன். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு. 2023-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. விருதுப் புத்தகம் என்றால் ஒருவிதக் கடமையுணர்ச்சியோடு எடுக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும்தான். இதில் அது தேவைப்படவில்லை. ஒல்லியான புத்தகம். கொங்கு நாட்டில் ஒரு குடிநாவிதர் குடும்பம். காரு மாமா இறந்துபோகிறார், சொந்தபந்தம் கூடுகிறது. வெளியே நடப்பது அவ்வளவுதான். எழவு வீட்டுக்கு வந்து சேருகிற ஒவ்வொருவரோடும் ஒரு பழைய கதையும் வந்து சேர்கிறது. மனைவி விட்டுவிட்டுப் போனது, அதன்பிறகு மாமா உள்ளுக்குள் இடிந்துபோனது, கூடப்பிறந்தவள் அவரை நினைத்து நினைத்துக் குமைந்தது. கதை பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்து என்ன என்ற கேள்வி எழவே இல்லை. இதற்கு முன்னால் என்ன என்றுதான் பக்கங்கள் புரள்கின்றன.

கொங்குப் பகுதிக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுகிற உரிமை இந்தச் சமூகத்தாருடையது. கல்யாணமோ கருமாதியோ, இவர்கள் வந்து நின்றால்தான் காரியம் நடக்கும். ஊரார் வீட்டு நல்லது கெட்டதில் முன்னால் நிற்கிறவர்களின் சொந்த வீட்டுக் கெட்டதை இவ்வளவு அருகில் உட்கார்ந்து பார்த்த நாவல் வேறொன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆள் பெயர்களும் முறைகளும் முதல் முப்பது பக்கம் குழப்பும். காகிதத்தில் குறித்துக்கொண்டு படித்தாலும் தப்பில்லை. எழவு வீட்டில் போய் உட்கார்ந்தாலும் யார் யாருக்கு என்ன முறை என்று பிடிபட அவ்வளவு நேரம் ஆகத்தானே செய்கிறது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் 'உள்ளொழுக்கு' என்ற மலையாளப் படத்தைப் பார்த்தது தற்செயல். அதிலும் ஒரு சாவு, அதிலும் கூடியிருக்கிற உறவு. கிறிஸ்டோ டோமி இயக்கி 2024 ஜூனில் வந்த படம். குட்டநாட்டில் வெள்ளம், வீட்டுக்குள்ளேயே தண்ணீர். அதைக் காலால் அளைந்து அளைந்துதான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறார்கள். மகன் இறந்துவிடுகிறான். குடும்பக் கல்லறை மூழ்கிக் கிடக்கிறது, வடிந்தால்தான் அடக்கம். மாமியார் ஊர்வசியும் மருமகள் பார்வதியும் காத்திருக்கிறார்கள். மகனின் நோயை மறைத்துக் கல்யாணம் முடித்தவர் மாமியார். மருமகளிடம் அதற்குச் சளைக்காத ரகசியம் ஒன்று இருக்கிறது.

வேறொரு இயக்குநர் என்றால் இடைவேளைக்கு முன்பே எல்லா ரகசியத்தையும் போட்டு உடைத்து, ஆளுக்கு ஒரு மூலைக்கு அனுப்பியிருப்பார். இங்கே யாரும் எங்கேயும் போக முடியாது. கோபித்துக்கொண்டு வெளியேற வேண்டுமென்றால்கூடப் படகு வேண்டும். எனவே சண்டை போட்டவர்களே அடுத்த வேளையும் ஒரே கூரையின் கீழ், ஒரே தண்ணீரில் நிற்க வேண்டியிருக்கிறது. படம் மெதுவாகப் போகிறது என்று யாராவது சொன்னால், வெள்ளம் எவ்வளவு வேகத்தில் வடியும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஊர்வசியை நாம் 1983-இல் 'முந்தானை முடிச்சு' காலத்திலிருந்து அறிவோம். 'மைக்கேல் மதன காமராஜன்', 'மகளிர் மட்டும்' என்று வெகுளித்தனமும் வாய்த்துடுக்குமாக நம்மைச் சிரிக்கவைத்தவர். இதில் பாதி நேரம் வாயைத் திறக்காமலே நடிக்கிறார். மருமகளிடம் சீற வேண்டிய இடத்தில் அவர் முகம் ஒரு கணக்குப் போடுகிறது: இவளையும் போகவிட்டால் நமக்கென்று யார் இருக்கிறார்கள்? அந்தக் கணக்கை நாம் பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது போல ஒரு நடிப்பு. இதற்கு 2025-இல் தேசிய விருது அறிவித்தார்கள், சிறந்த துணை நடிகை என்று. துணையாம்! அந்த வீட்டிலிருந்து அவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தண்ணீர்தான்.

'கொட்டுக்காளி' பற்றி உங்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி, பொறுமையைச் சோதித்துவிட்டது என்கின்றன. 'கூழாங்கல்' எடுத்த வினோத்ராஜின் இரண்டாவது படம். 2024 ஆகஸ்ட் 23 அன்று மாரி செல்வராஜின் 'வாழை'யும் இதுவும் ஒரே நாளில் வந்தன. கூட்டம் எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னணி இசை கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற பாண்டியாக சூரி. தொண்டை கட்டிக் குரல் கம்மி, கழுத்தில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு வருகிறார். வழியில் சினிமாப் பாட்டு ஒன்று காற்றில் வருகிறது. மீனா உதட்டுக்குள் அதை முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டி அவளையும் குறுக்கே வந்த பெண்களையும் போட்டு அடிக்கிற அடி இருக்கிறதே! ஒரு பெண்ணின் உதடு அசைந்தால் ஒரு குடும்பமே எப்படி ஆடிப்போகிறது என்று காட்ட, அதுவரை இருந்த அத்தனை மௌனமும் தேவைப்பட்டிருக்கிறது. இசை போட்டிருந்தால் அந்தப் பாட்டு பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

வழியை மறித்து நிற்கும் மாட்டைக் கண்டு ஆண்கள் எல்லாம் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போவதும் எனக்குப் பிடித்த இடம். முடிவு மட்டும் முழுச் சம்மதமில்லை. பாண்டி என்ன செய்வான் என்பதை நம் தலையில் கட்டிவிட்டு இயக்குநர் நழுவிவிட்டார் என்றே தோன்றியது.

இவ்வளவு நேரம் நீளத்துக்கு வக்காலத்து வாங்குவதால் நான் சுருக்கத்துக்கு விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மாதம் திரும்பப் படித்தது அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர் எழுதிய சினிமா நாவல். நட்சத்திரம் மினுக்குவதை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆட்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போக அல்லாடும் புரொடக்‌ஷன் மானேஜர், பணம் முடங்கிப்போய்த் திண்டாடும் தயாரிப்பாளர், என்றைக்காவது படம் கிடைக்கும் என்று அலையும் உதவி இயக்குநர், இவர்களின் கதை. ஒரு அத்தியாயத்தில் பக்கத்தை அடைத்துக்கொண்டு இருந்தவர் அடுத்ததில் காணாமல் போவார். அவர் என்ன ஆனார் என்பது எங்கோ பின்னால் யாரோ இருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லும்போது காதில் விழும். நமக்கு அங்கே திக்கென்று இருக்கும். பேசுகிறவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். சினிமாக்காரர்களைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது.

புத்தகத்தை உதவி ஆசிரியரிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பித் தந்தார். "இதுல ஒரு வரிகூட வெட்ட முடியாது சார்" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

தடித்த புத்தகங்களிலும் இரண்டு சாதி உண்டு. சோ. தர்மனின் 'சூல்' சுமார் ஐநூறு பக்கம். உருளைக்குடிக் கண்மாய், அதில் கரம்பை அள்ளுகிறவர்கள், மடையைத் திறந்து முறை வைக்கிற நீர்ப்பாய்ச்சி, நடுநடுவே ஊர்க் கதைகள். ஒரு நண்பர், "கதை எங்கேய்யா இருக்கு?" என்றார். கண்மாயைத் தவிர வேறு கதை அந்த ஊருக்கு ஏது? மாறாக, அண்மையில் வாங்கிய இன்னொரு தடிமனான நாவல், பெயர் வேண்டாம், நூற்று இருபதாம் பக்கத்தில் நின்றுவிட்டது. ஆசிரியர் ஊர் ஊராகப் போய்த் தகவல் சேகரித்திருக்கிறார், சேகரித்த ஒன்றையும் கீழே போட அவருக்கு மனசு வரவில்லை. நெல் ரகங்களின் பெயர்கள் மட்டும் ஒன்றரைப் பக்கம். அந்த நெல்லை நட்டவர், அறுத்தவர் ஒருவர் முகமும் கண்ணில் தெரியவில்லை. இதற்கு எங்கள் உதவி ஆசிரியரைச் சிபாரிசு செய்யலாம்.

பத்திரிகைக்காரன் என்பதால் ஒன்று தோன்றுகிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகக் கதையை மூன்றரை வருஷம் வாரம் ஒரு கவளமாக வாங்கிச் சாப்பிட்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். யாராவது கப்பல் ஏறினால் இறங்குவதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருந்த நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து வந்தியத்தேவனுக்காகக் கவலைப்பட்டார்கள். மணிரத்னம் அதை 2022-இலும் 2023-இலும் இரண்டு படமாக முடித்துக்கொடுத்தார். நன்றாகத்தான் எடுத்திருந்தார். கவலைப்படத்தான் அவகாசம் இல்லை.

நீங்கள் படித்ததையும் பார்த்ததையும் எழுதுங்கள். தடித்த நாவல், ஒல்லி நாவல் எதுவானாலும் சரி. சினிமாவாக இருந்தால் மட்டும் ஒரு வேண்டுகோள்: படம் தியேட்டரில் இருக்கும்போதே எழுதிப்போடுங்கள். போன முறை ஒரு நல்ல படத்தைப் பற்றி மூன்று பக்கக் கடிதம் வந்தது. ஆசையாகக் கிளம்பிப் போனால், அந்தத் தியேட்டரில் அதை எடுத்துவிட்டு வேறு படத்துக்கு பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்