சைலன்சரை வீட்டுலயே கழட்டலாமா? 200 ரூபாய் மிச்சத்தோட முழுக் கணக்கு



செயினுக்கு ஆயில் விடுறது, ஏர் ஃபில்டர் தட்டுறது, பிளக் மாத்துறது இதெல்லாம் வீட்டுலயே செஞ்சா மிச்சம்தான், சந்தேகமே இல்ல. ஆனா சைலன்சரும் அந்த லிஸ்ட்ல சேருமா?

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். முதல் தடவை கழட்ட மெக்கானிக்குக்கு காசு குடுங்க. ரெண்டாவது தடவையில இருந்து நீங்களே செய்யுங்க.

சைலன்சரை ஏன் கழட்டணும்?

ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்ல பின் டயர் மாத்தணும்னா சைலன்சர் வழியில நிக்கும். கழட்டினாதான் வீல் வெளிய வரும். துரு தட்டி பெயின்ட் அடிக்க, கேஸ்கெட் லீக் பார்க்கவும் கழட்ட வேண்டியிருக்கும்.

கணக்கு எங்க மாறுது?

நாட்றம்பள்ளியில இருந்து தினமும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வண்டியில போறவர், சம்பளம் 18,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 26 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு சுமார் 692 ரூபாய். மெக்கானிக் கூலி 200 ரூபாய்னு எடுத்துக்குவோம். அதுதான் நம்ம அதிகபட்ச லாபம்.

இப்ப நஷ்டத்தைப் பாருங்க. இன்ஜின் ஹெட்டுல சைலன்சர் பைப்பைப் பிடிச்சிருக்குறது மெலிசான ஸ்டட். வருஷக்கணக்கா சூடும் மழையும் பட்டு நட்டோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். பலமா திருகினா நட்டு வராது, ஸ்டட்டே முறியும். அப்புறம் லேத் பட்டறை, வண்டி நின்ன நாள், பஸ் செலவு எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்னு போடுங்க.

200ஐ 2,500ஆல வகுத்தா 8 சதவீதம். அதாவது நூறுல எட்டு தடவைக்கு மேல ஸ்டட் முறிய வாய்ப்பு இருந்தா, நீங்களே கழட்டுறது நஷ்டக் கணக்கு. ஆறேழு வருஷமா யாரும் தொடாத வண்டியில அந்த ரிஸ்க்கை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரிதான் அந்த 200. சின்ன தொகை குடுத்து பெரிய நஷ்டத்தைத் தள்ளி விடுறீங்க.

ஆனா ஒரு வேலை செய்யுங்க. பக்கத்துல நின்னு பாருங்க. மாட்டும்போது ஸ்டட்டுல காப்பர் கிரீஸ் தடவச் சொல்லுங்க. அடுத்த தடவை நட்டு சுலபமா வரும், ரிஸ்க் குறையும். அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு 200ம் உங்க பாக்கெட்டுக்கு.

நீங்களே செய்யும்போது

- இன்ஜின் முழுசா ஆறணும். முந்தின நாள் ராத்திரியே நட்டுல துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு வைங்க.
- புது வண்டியில பைப்போட ஆக்சிஜன் சென்சார் இருந்தா, அதோட ஒயரை முதல்ல கழட்டுங்க.
- கேஸ்கெட் புதுசுதான் போடணும். பழசு ஏற்கனவே நசுங்கினது, திரும்ப சரியா அடைக்காது. கொஞ்ச ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் புகை லீக் ஆகும், படபடன்னு சத்தம் வரும்.
- மாட்டும்போது எல்லாத்தையும் முதல்ல கையாலயே திருகுங்க. அப்புறம் ஹெட் நட்டு ரெண்டையும் மாத்தி மாத்தி சமமா டைட் பண்ணுங்க. பாடியில இருக்குற போல்ட் கடைசியில.

"கழட்டினது கழட்டினோம், வேற மாட்டிடலாமே!"

இங்கதான் உண்மையான செலவு ஆரம்பிக்குது. சத்தம் போடுற சைலன்சர் மாட்டி ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவுப்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ வரலாம். லைசென்ஸும் 3 மாசம் போகும். மேல சொன்ன சம்பளத்துல 10,000ங்கிறது 14 நாள் உழைப்பு! 200 ரூபாய்க்கு யோசிக்கிற நாம அதை ஒரு செக்போஸ்ட்ல குடுக்கணுமா?

இன்னொண்ணு. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்தப்புறம் வர்ற வண்டிகள்ல புகையைச் சுத்தம் பண்ண கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கு. அதுல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கு. அதனால பழைய சைலன்சரை "வச்சுட்டுப் போங்க தம்பி"ன்னு யாராவது சொன்னா வச்சுட்டு வராதீங்க. அது வெறும் இரும்பு இல்ல, உங்க சொத்து. நாலு இடத்துல விலை கேட்டுட்டு குடுங்க.

கடைசியா பில். 2025 செப்டம்பர் 22ல இருந்து வண்டி ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய 28 போட்டா கேளுங்க. ஜிஎஸ்டி நம்பரே இல்லாத கடை வரின்னு தனியா வாங்கவே கூடாது.

சிக்கனம்னா எல்லா வேலையையும் நாமளே செய்யுறது இல்ல. எதை நாம செய்யணும், எதுக்கு காசு குடுக்கணும்னு பிரிக்கத் தெரியுறதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுக்குறதுக்கு முன்னாடி அந்த நட்டை ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. செவப்பா துரு ஏறியிருந்தா ஸ்பேனரை வச்சுட்டு மெக்கானிக் அண்ணனுக்கு போன் போடுங்க.