வெந்நீர்த் தொட்டியும் கிருமிநாசினிப் பிரமாணமும்

வீட்டு வெந்நீர்த் தொட்டிகளைப் பராமரிக்கும் நம் தொழிலில், நீச்சல் குளத்தின் பழக்கங்களை அப்படியே கொண்டுவந்து புகுத்துவதால் விளையும் தீங்கைக் குறித்து இம்முறை சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 75,000 லிட்டர் கொள்ளும் குளத்தில் நால்வர் இறங்கினால் தண்ணீரின் தன்மையில் குறிப்பிடத்தக்க மாறுதல் ஏதும் நேர்வதில்லை. 1,500 லிட்டர் தொட்டியில் அதே நால்வர் அமர்ந்தால், அது அக்குளத்தில் 200 பேர் ஒரே சமயத்தில் இறங்கியதற்குச் சமானமாகும். அதோடு, 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான உஷ்ணத்தில் வியர்வை பெருகுகிறது. குளோரின் விரைவில் செலவழிகிறது. காற்றைக் கலந்து பீச்சும் ஜெட்டுகளோ, தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை வெளியேற்றி, பி.எச். அளவை ஓயாமல் மேலே ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஆகவே, காலையில் நாம் அளந்து குறித்துவிட்டு வந்த எண், மாலையில் வீட்டார் தொட்டியில் இறங்கும் வேளையிலும் மெய்யாக இருக்கும் என்று நம்புவதற்கு யாதொரு ஆதாரமும் இல்லை.

லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் சுயேச்சைக் குளோரின், அல்லது 4 முதல் 8 மில்லிகிராம் புரோமின், பி.எச். 7.0 முதல் 7.8 வரை என்னும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பிரமாணம் நம்மவர் யாவரும் அறிந்ததே. ஆனால் கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம், பி.எச். 7.2 இல் சுயேச்சைக் குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும், 7.8 இல் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கிறது என்பதை மனத்தில் கொள்ளாமல் குளோரின் எண்ணை மட்டும் பார்ப்பது அரைகுறை ஞானமே ஆகும்.

இதைவிட நுட்பமான இடர் ஒன்று, நாம் வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு வரும் டைகுளோர் டப்பாவிலேயே இருக்கிறது. அந்தத் தூள் தண்ணீரில் 10 மில்லிகிராம் குளோரினைச் சேர்க்கும்போது, கூடவே சுமார் 9 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துவிடுகிறது. குளோரின் செலவழிந்து போகிறது, அமிலமோ தண்ணீரை மாற்றும்வரை போவதில்லை. நாள்தோறும் 3 மில்லிகிராம் வீதம் ஒரு மாதம் இட்டுவந்த தொட்டியில் அது 80 ஐ எட்டிவிடும். அந்நிலையில், சோதனையில் 3 என்று திருப்தியாகத் தெரியும் குளோரினில் மிகப் பெரும்பகுதி அமிலத்தோடு பிணைந்து கிடப்பதால், கிருமியைக் கொல்லும் வேகம் வெகுவாகக் குன்றிப்போகிறது. சூரிய ஒளியிலிருந்து குளோரினைக் காப்பதே சயனூரிக் அமிலத்தின் பிரயோஜனம். பெரும்பாலான நேரம் மூடியின்கீழ் இருளில் கிடக்கும் தண்ணீருக்கு அந்தக் காவல் எதற்கு? மேற்சொன்ன மையமும் வெந்நீர்த் தொட்டிகளுக்கு அது கூடாதென்றே சொல்லுகிறது. திரவக் குளோரினோ புரோமினோ கைக்கொண்டு, ஏறும் பி.எச்.ஐ அமிலத்தால் அவ்வப்போது இறக்குவது சற்றுச் சிரமமாயினும் அதுவே நேர்மையான வழி என்பது என் திடமான அபிப்பிராயம்.

"இந்த வாரம் யாருமே இறங்கவில்லையே, மருந்து எதற்கு?" என்று கேட்கும் வீட்டாருக்கு, 1999 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் நிகழ்ந்ததைச் சொல்லுங்கள். அங்கே காட்சிக்கு வைத்து ஓடவிட்டிருந்த சுழல்நீர்த் தொட்டியில் குளிக்க எவரும் வந்தாரில்லை. ஆயினும் அதிலிருந்து எழுந்த நுண்துளிகளைச் சுவாசித்துக் கடந்து சென்றவர்களில் சுமார் 200 பேரை லெஜியனெல்லா நோய் பீடித்தது. 32 பேர் மாண்டனர். வெதுவெதுப்பில் செழிக்கும் அக்கிருமி, குழாய்களின் உட்சுவரில் படரும் வழுவழுப்பான படலத்தில் குடியிருந்து, ஜெட்டுகள் ஓடத் தொடங்கியதும் காற்றில் ஏறுகிறது. குளிப்போர் இல்லாத நாளிலும் குளோரின் குறைந்துகொண்டே வருகிறது என்பதை நம் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அறிவர்?

சோதனையிலும் ஓர் எச்சரிக்கை அவசியம். குளோரின் மிதமிஞ்சியிருக்கும் மாதிரியில் டி.பி.டி. மாத்திரையை இட்டதும், இளஞ்சிவப்பு ஒரு க்ஷணம் தோன்றி, கண்ணெதிரிலேயே வெளுத்து, குழாய் தெளிந்த நீராகவே நிற்கும். அதைக் குளோரினே இல்லை என்று கருதி மேலும் மருந்து கொட்டுவோர் உண்டு. ஐயம் தோன்றினால் ஒரு பங்கு மாதிரியில் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து மீண்டும் சோதித்து, கிடைத்த அளவை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இறங்குமுன் சோதிப்பதும், ஏறியபின் மூடியைத் திறந்துவைத்து, ஜெட்டுகளை ஓடவிட்டு மருந்திடுவதும் வீட்டாருடைய வேலையேயன்றி, வாரம் ஒருமுறை வரும் நம்முடையதன்று; எனவே புதுத் தொட்டியை ஒப்படைக்கும் நாளில், குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அவர்கள் கையாலேயே ஒருமுறை சோதித்து எழுதிக் காட்டச் சொல்லி, அருகில் நின்று பார்த்த பின்னரே ரசீதில் கையெழுத்திடும் வழக்கத்தை நம் தொழிலர் அனைவரும் மேற்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.