இரண்டாவது பிளாஷும் வியாபாரியின் அமானிதமும்

அண்மையில் யாழ்ப்பாணம் சோனகர் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். திருமணங்களுக்குப் படமெடுக்கும் தொழிலை ஆரம்பித்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. "நானா, இரண்டாவது பிளாஷ் ஒன்று வாங்கப் போறன். சும்மா ஸ்பெயாருக்குத்தானே, மலிவா ஒன்று சொல்லுங்கோ" என்றார்.

"தம்பி, அந்தச் 'சும்மா'வை முதலில் விடுங்கோ" என்றேன். அவருக்குச் சொன்னதை வியாபாரச் சகோதரர்களுக்கும் சொல்வது பயன் தரும் என்று நினைக்கிறேன். படப்பிடிப்பு எமது தொழில் அல்லவே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தையல் மெசின் வைத்திருப்பவருக்கும் குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பவருக்கும் இதே கேள்வி ஒருநாள் வரத்தான் போகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் புத்தளத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டு நிக்காஹ். கையில் ஒரு கமரா, ஒரேயொரு பிளாஷ். மாப்பிள்ளை கையொப்பமிட உட்கார்ந்த நேரத்தில் பிளாஷ் நின்றுவிட்டது. பற்றரி மாற்றியும் எரியவில்லை. வீட்டு ரியூப் லைற்றை நம்பி எடுத்தேன். பிலிம் காலமல்லவா, உடனே பார்க்கவும் வழியில்லை. கழுவி வந்த நெகட்டிவில் அந்தக் கட்டத்துக்கு ஒன்றுமே விழுந்திருக்கவில்லை.

முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மணமகளின் தகப்பனார் ஏசவில்லை. 1990 ஒக்டோபர் 30 இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் அது. "எங்கட கலியாண அல்பத்தை அங்க விட்டுட்டு வந்தம். பிள்ளையின்ட படமாவது வீட்டில இருக்கட்டும் எண்டு நினைச்சன்" என்றார். அவ்வளவுதான். காசைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும் என்று எண்ணிய எனக்கு, முடியாத கணக்கும் தொழிலில் உண்டு என்று அன்றுதான் விளங்கியது.

திருமணத்தில் வீண்விரயம் கூடாது என்பது வேறு விடயம். கூலி பேசிப் பொறுப்பேற்றவர் அதை நிறைவேற்ற வேண்டும் என்பது வேறு விடயம். உடைந்த கதிரையை மாற்றிக் கொடுக்கலாம். நடந்து முடிந்த நிக்காஹ்வை மீண்டும் நடத்திப் படமெடுக்க முடியாது. ஆகவே எனது கருத்து இதுதான்: இரண்டாவது பிளாஷ் முதலாவதின் இடத்தில் அதே நிமிடத்தில் நின்று வேலை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி நிற்க முடியாதது எவ்வளவு மலிவானாலும் ஸ்பெயார் ஆகாது.

இதற்கு முதல் நிபந்தனை, இரண்டும் ஒரே குடும்பமாக இருப்பது. இன்றைய பிளாஷ்களில் ரி.ரி.எல். என்றொரு வசதி உண்டு. லென்சினூடாக வரும் வெளிச்சத்தைக் கமரா அளந்து, எவ்வளவு ஒளி வேண்டும் என்று பிளாஷுக்குச் சொல்லும். இந்தப் பேச்சு கெனனுக்கு ஒருவிதம், நிக்கொனுக்கு இன்னொருவிதம், சோனிக்கு வேறொருவிதம். ஆகவே உங்கள் கமராவுக்குரிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ரேடியோ. முன்னர் தூரத்தில் வைத்த பிளாஷை ஒளிச் சமிக்ஞையால் எரிய வைத்தார்கள். தூண் மறைத்தால் எரியாது. 2012 இல் கெனன் தனது 600இஎக்ஸ்-ஆர்ரி பிளாஷுக்குள்ளேயே ரேடியோவை வைத்தது. பின்னர் சீனாவின் கொடொக்ஸ் போன்றவை அதே வசதியைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தன. இரண்டு பிளாஷும் ஒரே ரேடியோ முறையில் இருந்தால் தூண் மறைத்தாலும் ஆட்கள் மறைத்தாலும் கவலையில்லை.

மலிவானது கூடாதா என்று தம்பி கேட்டார். கொடொக்ஸ் ரிரி600 போன்றவற்றில் ஒளியும் உண்டு, ரேடியோவும் உண்டு, ரி.ரி.எல். மட்டும் இல்லை. ஸ்ராண்டில் நிறுத்தி வைப்பதற்கு நல்ல பொருள். ஆனால் முதலாவது பழுதாகி இதைக் கமராவில் மாட்டினால், நீங்கள் முன்னே பின்னே நகரும்போதெல்லாம் ஒளியின் அளவைக் கையால் மாற்ற வேண்டும். தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகிவிடும் என்பது மாறாத கணக்கு. மாப்பிள்ளை ஊர்வலத்தோடு நடந்துகொண்டே அந்தக் கணக்கைப் போட நல்ல தேர்ச்சி வேண்டும்.

பற்றரியும் ஒன்றாக இருக்கட்டும். லிதியம் பற்றரியுள்ள வி860-2 போன்ற பிளாஷ் முழுச் சக்தியில் சுமார் 650 தடவை எரியும். அடுத்த எரிப்புக்கு ஒன்றரை வினாடி போதும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். இரண்டும் ஒரே வகையானால் மூன்று பற்றரியும் ஒரு சார்ஜரும் போதும். நாலு சிறிய பற்றரி போடும் வகையிலும் நன்மையுண்டு: அவசரத்துக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒன்று இது, ஒன்று அது என்று கலந்து வாங்குவதுதான் தலையிடி.

நல்ல ஸ்பெயார் பையில் தூங்க வேண்டியதில்லை. வெள்ளைச் சீலிங் இருந்தால் ஒரு பிளாஷை மேலே திருப்பி ஒளியைத் தெறிக்க விடலாம். எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு ஓட்டுக்கூரை. பந்தலுக்கு நிறச் சீலை. சிவப்புச் சீலையில் தெறித்த ஒளி மணமகனின் முகத்தையும் சிவப்பாக்கிவிடும். இரண்டாவதைப் பக்கத்தில் ஒரு ஸ்ராண்டில் நிறுத்தினால் அந்தத் தொல்லை குறையும். ஒன்று முழுச் சக்தியில் செய்வதை இரண்டும் பாதிப் பாதியாகச் செய்தால் சூடும் குறையும், அடுத்த படத்துக்குக் காத்திருக்கும் நேரமும் குறையும்.

எமது திருமணங்களில் பெண்கள் பகுதி தனியாக இருக்கிறது. இப்போது அங்கே படமெடுக்கப் பெண்களே முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. உங்கள் மனைவியோ சகோதரியோ அந்தப் பக்கம் போனால் இரண்டாவது பிளாஷும் அவருடன் போய்விடும். அன்றைக்கு மலிவான கைமுறைப் பிளாஷ் மூன்றாவதாகப் பையில் இருக்கட்டும். அதன் சரியான இடம் அதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். பிலிம் காலத்துப் பழைய பிளாஷ் சும்மா கிடைத்தாலும் டிஜிட்டல் கமராவில் மாட்டாதீர்கள். அவற்றுள் சில 200 வோல்ட்டுக்கு மேல் கமராவின் பக்கம் அனுப்பும். சில கமராக்கள் தாங்குவது 6 வோல்ட்தான். அடுத்தது உத்தரவாதம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொருளை இங்கே திருத்த யார் பொறுப்பு என்று முதலிலேயே கேளுங்கள். கொழும்பு இங்கிருந்து சுமார் 400 கிலோமீற்றர். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின் ஓர் உதிரிப்பாகத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தூரத்தின் அர்த்தம் தெரியும். பாதை திறந்திருக்கும் இன்றும் திருத்த அனுப்பிய பொருள் மறுநாளே வந்துவிடாது. அதுவரை உங்கள் அடுப்பை எரிய வைப்பது இரண்டாவதுதான்.

காசுக்கு என்ன வழி? தவணைக்கு எடுத்து வட்டி கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஹலாலான கூலிக்குப் போகிறவர் ஹராமை ஏன் பையில் சுமக்க வேண்டும்? ஒரு கணக்குக்காக 60,000 ரூபா என்று வைப்போம். வருடத்துக்கு 20 திருமணம், மூன்று வருடம் உழைக்கும் என்றால் ஒரு திருமணத்துக்கு 1,000 ரூபாதான். அந்த 1,000 ரூபாவை இன்றிலிருந்தே ஒவ்வொரு கூலியிலிருந்தும் தனியே எடுத்து வையுங்கள். வாங்கிய பின்னும் நிறுத்தாதீர்கள். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவையும் தாண்டியதை நாம் பார்த்தோம். பொருள் பழுதான பிறகு காசு தேடுபவர் அன்றைய விலைக்கு அகப்படுவார்.

தம்பி யோசித்துவிட்டு, "அப்ப இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டு வாங்குறன் நானா. அதுவரைக்கும்?" என்று கேட்டார். "அதுவரைக்கும் என்னுடையதைக் கொண்டுபோங்கோ. ஆனால் திருமணத்துக்கு முதல் நாள் இரவே இரண்டையும் எரித்துப் பாருங்கோ" என்றேன்.

உங்கள் கடையிலும் ஒரேயொரு பொருளை நம்பி ஒரு வாக்குறுதி நின்றுகொண்டிருக்கலாம். இன்றிரவு கடையைப் பூட்டுமுன் அது எது என்று ஒருதரம் பாருங்கள். நாம் ஏற்ற அமானிதங்களைக் குறைவின்றி நிறைவேற்ற வல்ல நாயன் எமக்கு அருள் புரிவானாக.