இவரா பேட்மேன்? 50 ஆயிரம் கடிதம் போட்ட ரசிகர்கள்!

அமெரிக்காவில் "பேட்மேன்" படக்கதை என்றால் உயிரை விடும் ரசிகர்கள் உண்டு. 1988-ல் அவர்கள் கொதித்து எழுந்தார்கள்.

காரணம், சினிமாவில் பேட்மேனாக நடிக்க மைக்கேல் கீட்டன் தேர்வானதுதான். அவர் சிரிப்புப் படங்களில் பெயர் வாங்கியவர். இவரா பேட்மேன் என்று ரசிகர்களுக்கு ஆத்திரம். சுமார் 50 ஆயிரம் கண்டனக் கடிதங்கள் வார்னர் பிரதர்ஸ் கம்பெனியில் வந்து குவிந்தன.

பயம் நியாயமே

ரசிகர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. 1966-ல் வந்த டெலிவிஷன் தொடர், பேட்மேனைச் சிரிப்பு ஆளாக்கி விட்டது. மறுபடியும் அதே கதி ஆகிவிடக் கூடாதே என்ற கவலைதான்.

டைரக்டர் டிம் பர்ட்டன் மசியவில்லை. 1989 ஜூனில் படம் வந்தது. என்ன ஆச்சு? தியேட்டரில் கூட்டம் தாங்கவில்லை. உலகம் பூராவும் 40 கோடி டாலருக்கு மேல் வசூல்!

மறுபடியும் கூச்சல்

அப்போதும் பாடம் படிக்கவில்லை. 2006-ல் ஜோக்கர் வேடத்துக்கு ஹீத் லெட்ஜரைப் போட்டபோதும் இதே கூச்சல்தான்.

2008-ல் படம் வந்தது. திட்டியவர்களே கை தட்டினார்கள். அதைக் கேட்க லெட்ஜர் உயிரோடு இல்லை. ஆஸ்கார் பரிசை 2009-ல் அவர் குடும்பத்தார்தான் வாங்கினார்கள்.

டிக்கெட் வாங்குகிறவர்கள் ரசிகர்கள். கதையைக் கெடுக்காதே என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நடிக்கும் முன்பே ஒரு நடிகனுக்குத் தண்டனையா?

முதல்லே படத்தைப் பாருங்க. அப்புறம் திட்டுங்க!